பார்த்தேன், ஆனால் தெரியவில்லை: வாகனக் கண்ணாடிகள் சொல்லும் நூறாண்டுக் கதை



சற்று நீளமான பதிவு. வேன் வைத்திருப்பவர்கள், பிள்ளைகளை வேனில் பாடசாலைக்கு அனுப்புபவர்கள், விடுமுறைக்குக் குடும்பத்தோடு தூரப் பயணம் போகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாக இறுதிவரை வாசியுங்கள்.

சென்ற தவணை விடுமுறையில் எங்கள் மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு டொல்பின் வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நுவரெலியாப் பக்கம் போனோம். வழியில் ஓரிடத்தில் நிறுத்தி, கொண்டுபோன சோற்றுப் பார்சல்களைச் சாப்பிட்டு, லுஹர் தொழுதுவிட்டு மறுபடி புறப்படும்போதுதான் அது நடந்தது. வேனை ஓட்டிய நானா ரிவர்ஸ் போட்டார். இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் பார்த்தார். உள்ளே இருந்த கண்ணாடியையும் பார்த்தார். வண்டி நகரத் தொடங்கிய நேரம், வெளியே நின்ற ராத்தா போட்ட சத்தத்தில் பிரேக்கை மிதித்தார். இறங்கிப் பார்த்தால், சாச்சாவின் நான்கு வயதுப் பேத்தி பின்பக்கத்தில் குந்தியிருந்து கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். பம்பருக்கும் அவளுக்கும் இடையில் ஒரு முழம்தான் இருந்தது.

அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நானாவின் கை நடுங்கியது நிற்கவில்லை. "வல்லாஹி, நான் பாத்துட்டுத்தான் எடுத்தேன். ஒண்டுமே தெரியல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தார், ஆனால் தெரியவில்லை. இந்த இரண்டு சொற்களுக்கும் இடையில் உள்ள இடைவெளியை நிரப்பத்தான் மனிதர்கள் நூறு வருடங்களுக்கும் மேலாகப் போராடி வருகிறார்கள். வீடு திரும்பிய பிறகு அதைத் தேடித்தேடி வாசித்தோம். வாசித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

■ மழையில் கண் தெரியாத சாரதி

மோட்டார் வாகனங்கள் வீதிக்கு வந்த புதிதில் சாரதிக்கு முன்னால் இருப்பதே சரியாகத் தெரியவில்லை. 1900களின் தொடக்கத்தில் ஒரு குளிர்காலத்தில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி அன்டர்சன் என்ற பெண் நியூயோர்க் நகருக்குப் போனார். அங்கே ட்ராம் வண்டியில் ஏறியபோது, பனி படிந்த கண்ணாடி வழியே எதுவும் தெரியாமல் சாரதி முன் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு குளிரில் விறைத்தபடி ஓட்டுவதைக் கண்டார். உள்ளிருந்தே ஒரு கைப்பிடியை இழுத்தால் வெளியே ரப்பர் பட்டி கண்ணாடியைத் துடைக்கும்படி ஒரு கருவியை வரைந்தார். 1903 நவம்பர் 10ஆம் திகதி அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்று நாம் வைப்பர் என்று சொல்வதன் மூதாதை அதுதான்.

ஆனால் அதை விற்க அவரால் முடியவில்லை. கனடாவில் ஒரு நிறுவனம், இதில் வியாபாரப் பெறுமதி இல்லை என்று மறுத்தது. 1920இல் காப்புரிமைக் காலம் முடிந்துபோனது. அதன் பிறகுதான் வைப்பர் எல்லா வாகனங்களிலும் பரவியது. அவருக்கு அதில் ஒரு சதமும் கிடைக்கவில்லை.

பின்னால் பார்ப்பதற்கு முதலில் எழுத்தில் வழி சொன்னவர்களில் ஒருவரும் ஒரு பெண்தான். இங்கிலாந்தின் கார் பந்தய வீராங்கனை டொரத்தி லெவிட், 1909இல் பெண் சாரதிகளுக்காக எழுதிய நூலில், ஒரு சிறிய கைக்கண்ணாடியை எப்போதும் காரில் வைத்திருக்கும்படியும், ஓடும்போது இடையிடையே அதை உயர்த்திப் பிடித்துப் பின்னால் வருவதைப் பார்க்கும்படியும் ஆலோசனை சொன்னார். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு வீதியில் வேலை கிடைத்தது இப்படித்தான்.

■ பக்கத்தில் ஆள் இல்லாத பந்தயக்காரர்

1911 மே 30. அமெரிக்காவின் இன்டியானாபொலிஸ் நகரில் முதலாவது 500 மைல் கார் பந்தயம். நாற்பது கார்கள். அந்தக் காலத்துப் பந்தயக் கார்களில் சாரதிக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கும் உட்கார்ந்திருப்பார். இயந்திரத்தைக் கவனிப்பதோடு, பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்துச் சொல்வதும் அவர் வேலை. எங்கள் ஊர் பஸ்ஸில் கண்டக்டர் பின் வாசலில் தொங்கிக்கொண்டு "வரட்டும்... வரட்டும்... ஹோல்ட்!" என்று கத்துகிறாரே, கிட்டத்தட்ட அதே உத்தியோகம்.

ரே ஹரூன் என்ற சாரதி மட்டும் தனியாளாக வந்தார். பாரம் குறைய வேண்டும் என்பது அவர் கணக்கு. பின்னால் பார்க்க ஆளில்லாமல் ஓட்டுவது ஆபத்து என்று மற்றவர்கள் ஆட்சேபித்தார்கள். அவர் தன் முன்னால் நான்கு கால்கள் வைத்து ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டார். குதிரை வண்டி ஒன்றில் இப்படி ஒரு கண்ணாடியை முன்பு கண்ட ஞாபகத்தில் செய்தது அது. சராசரியாக மணிக்கு 74.6 மைல் வேகத்தில் ஓட்டி, அந்தப் பந்தயத்தை வென்றார்.

கதையின் சுவையான பகுதி இனித்தான். ஓடுபாதை முழுக்கச் செங்கல் பதித்தது, சுமார் 32 இலட்சம் கற்கள். அதன் மேல் ஓடும்போது கண்ணாடி இடைவிடாமல் அதிர்ந்ததால் அதில் ஒன்றுமே தெரியவில்லை என்று பிற்காலத்தில் ஹரூனே ஒப்புக்கொண்டார். ஆட்சேபித்தவர்களின் வாயை மூட அந்தக் கண்ணாடி போதுமாயிருந்தது, பார்க்கப் போதவில்லை. கண்ணாடி பூட்டியிருக்கிறது என்பதற்காகத் தெரிகிறது என்று அர்த்தமில்லை. இந்தப் பாடம் 1911இலேயே கிடைத்துவிட்டது.

1921இல் எல்மர் பேர்கர் என்பவர் கண்ணாடிக்குக் காப்புரிமை எடுத்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். பின்னால் வரும் பொலிஸைக் கண்டுபிடிக்கும் கருவி என்ற பொருள்பட அதற்குப் பெயர் வைத்தார். வேகமாக ஓடி மாட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் அன்றைய வாடிக்கையாளரின் தேவை. பிள்ளைகளின் பாதுகாப்பு எவருடைய நினைவிலும் இருக்கவில்லை.

■ வீட்டையே ஓட்டிக்கொண்டு போனவர்கள்

அமெரிக்காவில் இன்னொரு மோகம் வளர்ந்தது. வீட்டைச் சக்கரத்தில் ஏற்றி ஊர் சுற்றுவது. 1915 ஆகஸ்ட் 21ஆம் திகதி ரோலண்ட் கொங்கிளின் என்ற செல்வந்தர் தன் குடும்பத்தோடு நியூயோர்க் மாநிலத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்டார். தன் சொந்த பஸ் கம்பனியிலேயே கட்டிய அந்த வாகனத்தின் நீளம் 25 அடி, நிறை 8 தொன். உள்ளே சமையலறை, படுக்கைகள், மின்விளக்கு, புத்தக அலுமாரி, கூரையில் தோட்டம்கூட இருந்தது.

1951இல் ஜேர்மனியின் வெஸ்ட்பாலியா கம்பனி வொக்ஸ்வாகன் வேனுக்குள் கழற்றிப் பூட்டக்கூடிய படுக்கை, அலுமாரிகளைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. அந்த வேனில் எஞ்சின் பின்னால் இருந்தது, சாரதி முன் சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்தார். அதனால் முன்னால் நிற்கும் சின்னப் பிள்ளைகூடத் தெரியும். ஆனால் முற்கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருந்தது, நடுவில் ஒரு சட்டம். 1967இல்தான் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு ஒரே கண்ணாடியாக்கினார்கள்.

1966இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வின்னபேகோ கம்பனி மோட்டார் வீடுகளைத் தொழிற்சாலை முறையில் செய்யத் தொடங்கியதும் சாதாரண குடும்பங்களும் அவற்றை வாங்கத் தொடங்கின. இன்று பெரிய வகை மோட்டார் வீடு 40 அடியையும் தாண்டும். ஒரு பஸ்ஸைவிட நீளம். ஆனால் பல மாநிலங்களில் அதை ஓட்டக் கார் ஓட்டும் சாதாரண அனுமதிப்பத்திரமே போதும். வருடம் முழுக்கச் சிறிய கார் ஓட்டிவிட்டு, விடுமுறைக்கு மட்டும் அதில் ஏறுகிறவர்களே அதிகம்.

அப்படி ஏறியவருக்கு என்ன தெரியும்? பின் சுவர் பெரும்பாலும் படுக்கையறையாலோ குளியலறையாலோ அடைபட்டிருக்கும். உள்ளே தொங்கும் கண்ணாடியால் பயனில்லை. முற்கண்ணாடியின் இரு பக்கத் தூண்களும் தடித்தவை, ஒரு சைக்கிளோடு ஒரு மனிதனை முழுதாக மறைத்துவிடும். பின் சக்கரத்துக்குப் பின்னால் வண்டியின் உடல் பல அடிகள் நீண்டிருப்பதால், முன்புறத்தை இடது பக்கம் திருப்பினால் வால் வலது பக்கம் வீசும். பக்கத்தில் நிற்பவரை அது தட்டிவிடும். முன்னால் பெரிய கண்ணாடி, உயரமான ஆசனம், எல்லாம் தெரிகிறது என்ற எண்ணம். ஆனால் உயரம் கூடக்கூட, அருகில் நிற்கும் குள்ளமானவை மறைந்துபோகும். பிள்ளைகள்தான் எப்போதும் குள்ளமானவர்கள்.

■ இப்னுல் ஹைதமின் கணக்கு

இங்கே ஓர் இடைச்செருகல். வாகனக் கண்ணாடியை முஸ்லிம்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல வரவில்லை. அப்படியான பதிவுகள் முகநூலில் போதுமான அளவு இருக்கின்றன. ஆனால் இந்த விடயத்தில் உண்மையான தொடர்பு ஒன்று உண்டு.

பஸ்ராவில் சுமார் 965இல் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், கிதாபுல் மனாளிர் என்ற ஏழு பாகங்கள் கொண்ட ஒளியியல் நூலை எழுதினார். பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருவதாலேயே பார்வை ஏற்படுகிறது என்பதை அதில் நிறுவினார். அதாவது ஒளி வந்து சேர வழியில்லாத இடத்தை எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் காண முடியாது. எங்கள் நானாவின் நிலை அதுதான்.

அந்த நூலின் ஐந்தாம் பாகத்தில் ஒரு கேள்வி வருகிறது. ஒரு பொருளும் ஒரு கண்ணும் இருக்கின்றன. எதிரில் ஒரு கோள ஆடி. ஆடியின் எந்தப் புள்ளியில் ஒளி தெறித்தால் அது அந்தக் கண்ணை வந்தடையும்? வட்ட வடிவக் குவிவாடியில் பின்னால் நிற்கும் பிள்ளையைச் சாரதி காண்பதும் இதே கேள்விதான். ஐரோப்பாவில் இன்றுவரை இதற்கு அல்ஹசன் கணக்கு என்றே பெயர். 17ஆம் நூற்றாண்டில் ஹைஜன்ஸ் இதில் உழைத்தார். வரைகோலும் கவராயமும் மட்டும் கொண்டு இதை வரைந்து தீர்க்க முடியாது என்பதை ஒக்ஸ்போர்ட் கணித அறிஞர் பீற்றர் நியூமன் நிறுவியதே 1990களின் இறுதியில்தான்.

ஆறாம் பாகத்தில் ஆடிகள் கண்ணை எப்படி ஏமாற்றுகின்றன என்று ஆராய்கிறார். குவிவாடி அதிக இடத்தைக் காட்டும், ஆனால் உருவைச் சிறிதாக்கும். சிறிதாகத் தெரிவதை எமது மூளை தூரத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். தளவாடி தூரத்தைச் சரியாகக் காட்டும், ஆனால் கொஞ்ச இடத்தைத்தான் காட்டும். இந்தக் கொடுக்கல் வாங்கலில் இருந்து இன்றுவரை எந்த நாட்டுச் சட்டமும் தப்பவில்லை. அமெரிக்காவில் 1968 முதல் நடைமுறையில் உள்ள 111ஆம் இலக்கத் தரநியமத்தின்படி சாரதி பக்கத்துக் கண்ணாடி தளவாடியாக இருக்க வேண்டும். மறுபக்கத்தில் குவிவாடி வைத்தால், இதில் தெரிபவை தோன்றுவதைவிட அருகில் உள்ளன என்று கண்ணாடியிலேயே எழுத வேண்டும். மோட்டார் வீடு ஓட்டுபவர்கள் தளவாடிக்குக் கீழே ஒரு சின்னக் குவிவாடியையும் சேர்த்து வைத்துக்கொள்வது இதனால்தான். ஒன்று தூரத்துக்கு, மற்றது பரப்புக்கு.

■ இரண்டு வயதுப் பிள்ளையின் பெயரில் ஒரு சட்டம்

பின் ஜன்னல் உள்ள வேன்களுக்கு இன்னொரு வழி கிடைத்தது. 1820களில் பிரான்ஸின் பிரெனெல் வெளிச்சவீடுகளுக்காக உருவாக்கிய, வளையம் வளையமாக வெட்டிய தட்டை வில்லை. அதே தத்துவத்தில் செய்த மெல்லிய பிளாஸ்ரிக் தாளைப் பின் ஜன்னலில் ஒட்டினால், பம்பருக்குக் கீழ்ப்பக்கம் ஓரளவு தெரியும். ஜன்னலே இல்லாத மோட்டார் வீடுகளுக்குக் கமராதான் வழி.

கமரா யோசனை பழையது. 1956இல் ப்யூக் கம்பனி கண்காட்சிக்குச் செய்த சென்சூரியன் என்ற காரில் கண்ணாடிக்குப் பதிலாகப் பின்னால் தொலைக்காட்சிக் கமரா இருந்தது. ஆனால் அது விற்பனைக்கு வரவில்லை. விற்பனைக்கு வந்த காரில் பின்கமரா முதன்முதலாக 1991இல் டொயோட்டா சோரரில் வந்தது, அதுவும் ஜப்பானில் மட்டும்.

2002இல் நியூயோர்க்கின் லோங் ஐலண்டில் ஒரு சிறுவர் வைத்தியர் இரவில் தன் வீட்டு வாசலில் வாகனத்தைப் பின்னோக்கி எடுத்தார். கண்ணாடிகளைப் பார்த்தார், திரும்பியும் பார்த்தார். வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்திருந்த அவருடைய இரண்டு வயது மகன் கமரூன் குல்பிரான்சன் சக்கரத்தில் அகப்பட்டு இறந்தான். பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கும் கையால் தன் பிள்ளைக்கு நடந்தது அது.

அந்தத் தகப்பன் துக்கத்தோடு வீட்டில் இருந்துவிடவில்லை. அவரைப் போன்ற பெற்றோர் சேர்ந்து போராடினார்கள். 2008 பெப்ரவரி 28ஆம் திகதி கமரூனின் பெயரிலேயே சட்டம் கையொப்பமானது. விதிகளை 2011க்குள் வகுக்கவேண்டும் என்று சட்டம் சொன்னது. செலவைக் காரணம் காட்டித் தவணை தவணையாகத் தள்ளிப்போட்டார்கள். பெற்றோர் 2013இல் நீதிமன்றம் போனார்கள். 2014 மார்ச் 31ஆம் திகதி, வழக்கு விசாரணைக்கு முதல் நாள், விதி வெளியானது. 2018 மே மாதம் முதல் செய்யப்படும் 10,000 இறாத்தலுக்குக் குறைந்த எல்லாப் புதிய வாகனங்களுக்கும் பின்கமரா கட்டாயம். பின்னால் சுமார் 3 மீற்றர் அகலமும் 6 மீற்றர் நீளமும் சாரதிக்குத் தெரியவேண்டும்.

பின்னோக்கி வரும் வாகனங்களால் அமெரிக்காவில் வருடத்துக்குச் சுமார் 210 பேர் இறப்பதாகவும் 15,000 பேர் காயமடைவதாகவும் அந்த நேரம் அரசு மதிப்பிட்டது. இறந்தவர்களில் 31 சதவீதம் ஐந்து வயதுக்குக் குறைந்தவர்கள். ஒரு பிள்ளையின் மரணத்திலிருந்து சட்டம் வீதிக்கு வர 16 வருடங்கள் எடுத்தன.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? 10,000 இறாத்தல் என்பது சுமார் 4,500 கிலோ. பெரிய மோட்டார் வீடுகள் அதைவிட நிறை கூடியவை. பின்னால் எதுவுமே தெரியாத வாகனம் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. பல கம்பனிகள் தாமாகவே கமரா பூட்டுகின்றன என்பது உண்மை. ஆனால் கட்டாயம் இல்லை.

■ எங்கள் வேனில் இருந்த வட்டக் கண்ணாடி

இனி எங்கள் வீதிக்கு வருவோம். இங்கே ஓடும் வேன்களில் மிகப் பெரும்பகுதி ஜப்பானிலிருந்து வந்தவை. ஜப்பானியருக்கு இந்தப் பிரச்சினை நன்றாகத் தெரியும். பழைய டட்சன் கார்களின் பொனற்றுக்கு மேலே இரண்டு கொம்பு போலக் கண்ணாடிகள் இருந்ததை மூத்தவர்கள் கண்டிருப்பீர்கள். 1983 வரை ஜப்பானில் அப்படித்தான் வைக்க வேண்டும் என்பது விதி. பின்னர் உயரமான வாகனங்களுக்கு வேறொரு விதி வந்தது. 1 மீற்றர் உயரமும் 30 சென்ரிமீற்றர் விட்டமும் கொண்ட ஓர் உருளையை வாகனத்துக்கு முன்னும் இடது பக்கமும் வைத்தால் அது சாரதிக்குத் தெரிய வேண்டும். அந்த அளவு என்ன என்று யோசித்துப் பாருங்கள். அது ஒரு சிறு பிள்ளை.

டொல்பின் வேனின் பின்கதவில், மேல் மூலையில் ஒரு கம்பியில் தொங்கும் வட்டக் குவிவாடியும் அதே அக்கறையில் வந்தது. சாரதி உள்ளே உள்ள கண்ணாடியைப் பார்க்கிறார், அது பின் ஜன்னல் வழியாக அந்த வட்டக் கண்ணாடியைக் காட்டுகிறது, வட்டக் கண்ணாடி பம்பருக்குக் கீழுள்ள நிலத்தைக் காட்டுகிறது. இரண்டு ஆடிகள், நடுவில் ஒரு ஜன்னல். மூன்றில் ஒன்று கெட்டாலும் எல்லாம் கெட்டது.

நாங்கள் போன வேனில் அந்தக் கம்பி இருந்தது, கண்ணாடி இல்லை. எப்போதோ உடைந்து விழுந்திருக்கிறது. பின் ஜன்னலில் கறுப்புத் தாள். அதற்கு மேல் பெரிதாக "மாஷா அல்லாஹ்" ஸ்டிக்கர். கண்ணூறு படாமல் இருக்க ஒட்டியது, சாரதியின் கண்ணையே மறைத்துவிட்டது. யாரையும் குறைசொல்ல இதை எழுதவில்லை. நாங்களும் ஏறும்போது ஏசி வேலை செய்கிறதா என்று கேட்டோமே தவிர, பின்னால் போய் ஒருமுறை பார்க்கவில்லை.

■ பாடசாலை மைதானத்தில் ஒரு சோதனை

பாடசாலை தொடங்கிய பிறகு தரம் 5 பிள்ளைகளோடு ஒரு செயற்பாடு செய்தோம். நானாவையே வேனோடு வரச்சொன்னோம். எஞ்சினை நிறுத்தி, சாவியை நாங்கள் வாங்கி வைத்துக்கொண்டு, அவரை ஆசனத்தில் உட்காரவைத்தோம். பிள்ளைகளை ஒவ்வொருவராக வேனுக்குப் பின்னால் குந்தச் சொன்னோம். தலை தெரிந்தால் ஹோர்ன் அடிக்க வேண்டும். 14 பிள்ளைகள் குந்தும்வரை ஹோர்ன் சத்தம் வரவில்லை.

நானா இறங்கி வந்து அந்த 14 பேரையும் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் ஸ்டிக்கரையும் தாளையும் உரித்து, புதிய வட்டக் கண்ணாடியும் பூட்டிக்கொண்டு வந்தார். அதற்குப் போன காசு ஒரு நாள் டீசல் செலவுகூட இல்லை. மறுபடி செய்து பார்த்தபோது இரண்டாவது பிள்ளைக்கே ஹோர்ன் அடித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மோட்டார் வீடு ஓட்டும் அமெரிக்கர்கள் பின்னோக்கி எடுக்கும்போது பின்பற்றும் வழக்கங்கள் எமக்கும் அப்படியே பொருந்தும்.

1. ஏறுவதற்கு முன் வாகனத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றி வாருங்கள். சந்தேகம் வந்தால் இடையிலும் இறங்கிப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.
2. பின்னால் ஒருவரை நிறுத்துங்கள். அவர் வாகனத்துக்கு நேர் பின்னால் நிற்கக்கூடாது, பக்கக் கண்ணாடியில் தெரியும்படி நிற்கவேண்டும். அவர் கண்ணாடியிலிருந்து மறைந்த நொடியே வண்டியை நிறுத்த வேண்டும்.
3. பக்கக் கண்ணாடிகளைப் புறப்படும் முன்பே உங்கள் உயரத்துக்குச் சரிசெய்யுங்கள். ஓடும்போது அல்ல.
4. கமரா இருந்தாலும் அதன் வில்லையைத் துடையுங்கள். மழைத்துளியும் சேறும் பட்டால் அது ஹரூனின் கண்ணாடிதான்.
5. வாகனம் நகரும் முன் பிள்ளைகளை எண்ணுங்கள். எல்லோரும் உள்ளே, அல்லது ஒரு பெரியவரின் கையில்.

இந்த வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. மேரி அன்டர்சனின் வைப்பரில் காசில்லை என்றார்கள். கமரூனின் சட்டத்துக்குச் செலவு அதிகம் என்றார்கள். கண்ணுக்குத் தெரியாமல் நிற்பவருக்காகச் செலவழிக்க மனிதர்கள் எப்போதும் தயங்கியே இருக்கிறார்கள். எமது வேனில் உடைந்த வட்டக் கண்ணாடியை மாற்றாமல் வருடக்கணக்காக ஓட்டியதும் அதே தயக்கம்தான். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

நாளைக் காலை உங்கள் பிள்ளை ஏறும் வேனின் பின்பக்கம் போய் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அந்தக் கம்பியில் கண்ணாடி இருக்கிறதா? ஜன்னல் திறந்த பார்வையோடு இருக்கிறதா? இல்லாவிட்டால் சாரதியிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். வாங்கிக் கொடுக்க முடிந்தால் வாங்கிக் கொடுங்கள். வீதியில் கிடக்கும் தீங்கை அகற்றுவது தர்மம் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம்.

எங்கள் சாச்சாவின் பேத்தி அன்று பொறுக்கிய கற்களை இன்னும் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அப்படியே இருக்கட்டும்.

பயனுள்ளதாக இருந்தால் வேன் வைத்திருக்கும் ஒருவருக்காவது பகிருங்கள்.